ஆண்டு இறுதி வகுப்பும் 31 பொட்டலம் சோறும்

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. போன நவம்பரில் யாராவது என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் 467 ரிங்கிட்டும் மூன்று சனி ஞாயிறும் எனக்கு மிச்சமாகியிருக்கும். ஒரு பிள்ளையின் மனமும் நோகாமல் இருந்திருக்கும். இந்த ஆண்டு புதிதாக வகுப்பாசிரியர் ஆகியிருப்பவர்கள், அதுவும் என்னைப் போல வேறு மாநிலத்திலிருந்து வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஆண்டிறுதிக்கு முன் இதை ஒருமுறை படித்துவிட்டால் நல்லது.

எனக்குச் சொந்த ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். பினாங்கு பெருநிலத்தில், செபராங் பிறையில், ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2025இல் எனக்கு அது இரண்டாவது வருடம். வகுப்பாசிரியராக முதல் வருடம். படிவம் 2, அதாவது இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு, மொத்தம் 31 பேர். தமிழ்ப் பிள்ளைகள் 14, மலாய்ப் பிள்ளைகள் 11, சீனப் பிள்ளைகள் 6. அந்த ஆண்டு பள்ளித் தவணை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. 2026இலிருந்து பழையபடி ஜனவரிக்கே கொண்டுவர வேண்டும் என்பதால் நாள்களை இழுத்துச் சுருக்கி வைத்திருந்தார்கள். ‘உவாசா’ ஆண்டிறுதித் தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றியும் ஆயிற்று. பார்த்தால் பள்ளி முடிய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. பாடம் இல்லை. பாடநூல் கடனுதவித் திட்டத்துப் புத்தகங்களையும் திருப்பி வாங்கியாயிற்று. பிள்ளைகள் வெறும் பையோடு வந்து உட்கார்ந்து, ‘இன்னைக்கு என்ன டீச்சர்?’ என்று என் முகத்தையே பார்க்கிறார்கள்.

மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு ஒரு வரிதான்: தேர்வுக்குப் பிந்தைய நடவடிக்கைகளை வகுப்பாசிரியர் திட்டமிட வேண்டும். சரி, நாமும் சின்ன வயசுதானே, மற்றவர்களைப் போலப் படம் போட்டுக் காட்டிவிட்டுத் தூங்க வைக்கக் கூடாது, இந்தப் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்காத மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். வெளிநாட்டு ஆசிரியர்கள் இணையத்தில் போடும் படங்களை இரவெல்லாம் பார்த்தேன். பலூன் வளைவு, பூட்டைத் திறக்கும் புதிர் விளையாட்டு, சிவப்புக் கம்பளம், வகுப்பு விருதுகள். அந்த வகுப்பறைகளில் குளிர்சாதனம் இருக்கிறது, 18 பிள்ளைகள் இருக்கிறார்கள், பக்கத்து மண்டபத்தில் அரசாங்கத் தேர்வு எதுவும் நடக்கவில்லை. இதெல்லாம் அப்போது என் கண்ணில் படவே இல்லை.

ஒரு வியாழக்கிழமையைப் ‘பெரிய நாள்’ என்று குறித்தேன். அதற்கான செலவைச் சொல்லிவிடுகிறேன். பலூனும் ஜிகினாத் தாளும் 38 ரிங்கிட். பரிசுப் பொருள்கள் 92. நான்கு எண் பூட்டுகள் 28. அச்சடித்து லேமினேட் செய்தது 46. சாப்பாடு 31 பொட்டலம், ஒன்று எட்டு ரிங்கிட் ஐம்பது சென், ஆக 263 ரிங்கிட் 50 சென். எல்லாம் கூட்டினால் 467 ரிங்கிட் 50 சென். சாப்பாட்டுக்கு மட்டும் ஆளுக்கு 5 ரிங்கிட் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். 25 பேர் கொடுத்தார்கள். மறுநாளே துணைத்தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, யாரைக் கேட்டு மாணவர்களிடம் பணம் வசூலித்தீர்கள் என்றார். அனுமதி வாங்காமல் மாணவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. 125 ரிங்கிட்டையும் அன்றே எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். கடையில் முன்பணம் கட்டிவிட்டதால் சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை. ஆக மொத்தச் செலவும் என் தலையில். ஐந்து ரிங்கிட்டாக இருந்தாலும் முதலில் ஒரு கடிதம் எழுதி நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அல்லது காசே வேண்டாம், ஆளுக்கொரு பண்டம் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பெரிய நாளுக்கு முந்தைய வாரம் என் திட்டம் ஆட்டம் காண ஆரம்பித்தது. திங்கட்கிழமை 24 பேர் வந்தார்கள். புதன்கிழமை 17. வெள்ளிக்கிழமை 13. ஒரு தாயாருக்குப் போன் போட்டேன். “பரீட்சதான் முடிஞ்சிடுச்சே டீச்சர், சும்மா உக்காரத்துக்கு எதுக்கு? இங்க கடையில ஒத்தாசையா இருக்கான்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? அந்த வாரம் முழுக்க நான் பெரிய நாளுக்குப் பூட்டையும் புதிரையும் தயார் செய்துகொண்டிருந்தேன். வகுப்பில் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படக் கதையை இழுக்க வேண்டாம். புரொஜெக்டர் படம் வெளிச்சத்தில் வெளுத்துப் போனது, ஜன்னலுக்குத் திரை இல்லை, ஒலிக்கு என் கைத்தொலைபேசியைத்தான் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன், முதல் இரண்டு வரிசை பார்த்தது, மீதி தூங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வருகை குறையும் என்று தெரிந்துகொண்டே திட்டம் போடுங்கள். 31 பேருக்குத் திட்டமிட்டால் 12 பேர் வரும்போது எல்லாம் சாய்ந்துவிடும். ஆறு குழு வேண்டும் என்கிற விளையாட்டு, நேற்று வந்தவன்தான் இன்றும் வர வேண்டும் என்கிற தொடர் வேலை, இரண்டும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துபோக வேண்டும். எட்டுப் பேர் இருந்தாலும் நடக்க வேண்டும், இருபது பேர் வந்தாலும் நடக்க வேண்டும். நான் இப்போது எந்த நடவடிக்கையை எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலை ஆறரைக்கே போய்ப் பலூன் ஊதினேன். என் வகுப்பு மேல்மாடியில். எதிரே, ஒரு சின்னத் திடலுக்கு அந்தப் பக்கம், பள்ளி மண்டபம். அந்த நவம்பர், டிசம்பரில்தான் படிவம் 5 பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். என்கிற அரசாங்கத் தேர்வு. அதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. இத்தனைக்கும் தேர்வு நடக்கிறது, அமைதி காக்கவும் என்று மலாயில் எழுதிய அட்டை எங்கள் படிக்கட்டிலேயே தொங்குகிறது. அதற்குக் கீழேதான் நான் பலூன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வந்திருந்தவர்கள் 12 பேர். மூன்று குழுவாகப் பிரித்து, பூட்டு விளையாட்டைத் தொடங்கினேன். விடைகளைச் சேர்த்தால் நான்கு எண் வரும், அதை வைத்துப் பெட்டியின் பூட்டைத் திறக்க வேண்டும். முதல் குழு ஏழே நிமிடத்தில் திறந்துவிட்டது. எப்படி என்றால், பூட்டு வாங்கும்போது தொழிற்சாலையில் வைத்த 0000வை ஒரு பூட்டில் நான் மாற்றவே இல்லை. திறந்த சந்தோஷத்தில் ஒரே கூச்சல். கூச்சலில் யாரோ பலூன் வளைவில் சாய்ந்தார்கள். வரிசையாக நான்கு பலூன், பட்டாசு மாதிரி.

இரண்டு நிமிடத்தில் துணைத்தலைமையாசிரியர் வாசலில் நிற்கிறார். கத்தவில்லை. “சிக்கு (டீச்சர்), மண்டபத்தில் பிள்ளைகள் கணக்குத் தாள் எழுதுகிறார்கள்” என்று மட்டும் மெதுவாக மலாயில் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளைகள் முன்னால் என் காது மடல்கள் கொதித்தது எனக்கே தெரிந்தது. ஊசியை எடுத்து ஒவ்வொரு பலூனின் கழுத்தையும் ஒட்டுநாடாமேல் குத்தி, சத்தமில்லாமல் காற்றை இறக்கினேன். ஒட்டுநாடா ஒட்டிய இடத்தில் குத்தினால் வெடிக்காது. ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான். அந்த நாளில் நான் கற்ற ஒரே நல்ல விஷயம்.

விளையாட்டை நிறுத்திவிட்டேன். சத்தமில்லாமல் செய்ய என்ன இருக்கிறது என்று பார்த்தால் ‘வகுப்பு விருதுகள்’ இருந்தது. நான் அதிகம் நினைத்து வருந்துவது இதைத்தான். அந்த வாரத் தொடக்கத்தில் சீட்டு கொடுத்து வாக்கெடுப்பு நடத்தியிருந்தேன். வராதவர்களிடமும் வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டேன். வகுப்பின் சிரிப்பு மன்னன், வகுப்பின் தூங்குமூஞ்சி, அதிகம் பேசும் வாய், எப்போதும் கடைசியாக வருபவர் என்று பத்துப் பிரிவு. எல்லாம் தமாஷ்தானே என்று நினைத்தேன். வீட்டில் உட்கார்ந்து சீட்டுகளை எண்ணும்போது ‘எப்போதும் கடைசி’யில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் 17 சீட்டில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் அவள் பெயரைத் தங்க நிற எழுத்தில் அச்சடித்து லேமினேட் செய்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அவள் எழுந்து வந்து வாங்கினாள். கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள். லேமினேட் தாளை இரண்டு கையாலும் பிடித்து, எழுத்து தன் பக்கம் இருக்குமாறு நெஞ்சோடு திருப்பி வைத்துக்கொண்டு இருக்கைக்குப் போனாள். மறுநாள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. வருகை குறைகிற காலம் என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல இனப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு, அதனால் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் நாசி ஆயாம் என்கிற கோழிச் சோறு சொல்லியிருந்தேன். அதில் எனக்கே ஒரு பெருமை, எல்லாரையும் நினைத்துச் செய்தோம் என்று. பொட்டலத்தைப் பிரித்தால் எங்கள் பையன்கள் இரண்டு பேர் கோழியை ஒதுக்கிவிட்டு வெள்ளரித் துண்டையும் சோற்றையும் மட்டும் தின்கிறார்கள். சட்டைக்குள் ஐயப்ப மாலை. கார்த்திகை, மார்கழியில் பிள்ளைகள் விரதம் இருப்பார்கள் என்பது சுங்கை சிப்புட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? சோறும் கோழிக் கொழுப்பில் வதக்கியது என்று அப்புறம் கடைக்காரர் சொன்னார்; அந்தப் பையன்களிடம் நான் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். மீதி 19 பொட்டலம். காவலர், துப்புரவு அக்காமார், சிற்றுண்டிச்சாலைக்காரர் என்று கொடுத்தும் தீரவில்லை. நானே இரண்டு நாள் சாப்பிட்டேன். சாப்பாடு வாங்கியே ஆக வேண்டும் என்றால், யார் வருவார்கள், யாருக்கு என்ன ஆகாது என்று முதல்நாள் மாலை ஒரு வாக்கெடுப்பு போட்டுவிட்டு, அன்றைய காலையில்தான் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அப்படி ஒப்புக்கொள்கிற கடையாகப் பாருங்கள். அதைவிட எளிது, பழமும் பிஸ்கட்டும் மைலோவும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அப்போது ஒரு மூத்த ஆசிரியை வந்தார். பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர். பள்ளியில் டீச்சர், வெளியே எனக்கு அக்கா. விருதுப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளை ஏன் லேட்டா வருதுன்னு கேட்டியாம்மா?” என்றார். கேட்கவில்லை. வருகைப் புத்தகத்தில் சிவப்பு மையில் குறித்ததோடு சரி. “அவங்க அம்மா ஃபாக்டரில ராத்திரி ஷிஃப்டு. காலையில தம்பி ரெண்டு பேரையும் தமிழ்ப்பள்ளி வாசல்ல விட்டுட்டு, அங்கேருந்து நடந்து வருது.” எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பத்து மாதம் அவளுக்கு வகுப்பாசிரியராக இருந்திருக்கிறேன்.

அதனால் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பிள்ளைகளை விட்டு ஒருவரையொருவர் மதிப்பிட வைக்கும் எதையும் ஆண்டிறுதியில் செய்யாதீர்கள். தமாஷுக்குக்கூட வேண்டாம். 13, 14 வயதில் கைதட்டலோடு கிடைக்கும் பட்டப்பெயர் படிவம் 5 வரைக்கும் கூடவே வரும். பாராட்டத்தான் வேண்டும் என்றால் ஆசிரியரே ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி கையால் எழுதிக் கொடுக்கலாம். எழுத உட்கார்ந்தால் யாரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதே தெரிந்துவிடும். நான் அந்தச் சனிக்கிழமை எழுத உட்கார்ந்தேன். 31இல் ஒன்பது பேருக்கு எழுத ஒரு வரிகூட இல்லை.

அக்கா சொல்லித்தான் மீதி நாள்களின் போக்கு மாறியது. “சத்தம் கூடாது, காசு கூடாது, ஒரு மணி நேரம். அவ்வளவுதான்மா” என்றார். முதலில் செய்தது மௌன நாடகம். வாயைத் திறந்தால் ஆட்டம் போச்சு என்பது விதி. தேர்வு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடையாது. பழமொழியை நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் தாளில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். எங்கள் வகுப்பில் மூன்று மொழிக்காரர்கள் என்பதால் இன்னொன்றும் சேர்த்தேன்: அதே கருத்துக்கு உன் மொழியில் என்ன சொல்வார்கள்? ஒரு பையன் செவிடன் காதில் சங்கு ஊதினான். கன்னம் உப்பி, கண் பிதுங்க ஊதுகிறான். எதிரே நிற்பவன் நிதானமாகக் காது குடைகிறான். உடனே மலாய்ப் பெண் ஒருத்தி எழுந்து, கையைச் சேம்பு இலை மாதிரி விரித்து, மேலே தண்ணீர் ஊற்றுவதாகவும் அது ஒட்டாமல் உருண்டு ஓடுவதாகவும் விரலாலேயே காட்டினாள். சீனப் பையன் ஒருவன் மேசையைக் கவிழ்த்துப் போட்டு யாழ் மாதிரி மீட்ட, அவன் நண்பன் தரையில் மாடாக உட்கார்ந்து அசைபோட்டான். மாட்டுக்கு யாழ் வாசித்த கதை. மூன்றும் ஒன்றுதான் என்று அவர்களுக்கே விளங்கியபோது சிரிப்பை அடக்க எல்லாரும் வாயில் சட்டைக் காலரைத் திணித்துக்கொண்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு மலாயில் அணில் கீழே விழும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பது மலாயிலும் கிட்டத்தட்ட அப்படியேதான். அங்கே தரை மேடு பள்ளம் ஆகிறது. மொத்தச் செலவு ஒரு கட்டு வெள்ளைத் தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, மறுநாள் பதினாறு பேர் வந்தார்கள்.

அடுத்தது பல்லாங்குழி. பலகை வாங்கக் காசில்லை, கிடைக்கிற இடமும் தெரியவில்லை. 30 முட்டை வைக்கும் காகித அட்டை இருக்கிறதே, அதில் ஐந்துக்கு ஆறு குழி. பல்லாங்குழிக்கு வரிசைக்கு ஏழு, இரண்டு வரிசை, ஆக 14 குழி. அட்டையை இரண்டு வரிசை, இரண்டு வரிசையாக வெட்டினால் ஆறாறு குழியுள்ள இரண்டு பலகை வரும், ஒரு வரிசை மிஞ்சும். மிஞ்சிய ஆறு குழியை இரண்டிரண்டாக நறுக்கி, ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒன்றை ஒட்டினால் ஏழாகிவிடும். கடைசித் துண்டு இரண்டு குழி, காய் போட்டு வைக்க உதவும். இந்தக் கணக்கைப் போட்டது நானில்லை. கணக்கில் எப்போதும் 30க்குக் கீழே வாங்குகிற ஒரு பையன், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். அவனுக்கு எழுத அன்று எனக்கு வரி கிடைத்தது.

காய்க்கு உலர்ந்த புளியங்கொட்டை; இல்லாவிட்டால் கொண்டைக்கடலை. குழிக்கு ஐந்து என்றால் 70 வேண்டும். விதிமுறை வீட்டுக்கு வீடு மாறும், எங்கள் பாட்டி ஆடியதை வைத்துக்கொண்டோம்: ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, கை காலியானதும் அடுத்த குழியை அள்ளுவது, அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வது. நடுவில் தன் குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, உடனே எடுத்துக்கொள்ளலாம். மலாய்ப் பிள்ளைகள் பார்த்ததும், “இது சொங்காக் தானே!” என்றார்கள். அதேதான், ஆனால் அவர்களுடைய ஆட்டத்தில் குழிக்கு ஏழு காய், இரண்டு பக்கமும் ‘வீடு’ உண்டு, சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒன்று போட்டுவிட்டுப் போக வேண்டும், கடைசிக் காய் வீட்டில் விழுந்தால் இன்னொரு ஆட்டம். எது நல்ல ஆட்டம் என்று கிசுகிசுக் குரலில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ஒருநாள் நம் விதி, மறுநாள் அவர்கள் விதி என்று முடிவானது. இப்படி ஒன்றை வகுப்பில் வைத்துவிட்டால் மூன்று வாரமும் ஓடும். முன்னால் வந்தவன் ஆடிக்கொண்டிருப்பான், பின்னால் வந்தவன் சேர்ந்துகொள்வான், நாம் பேசாமல் பதிவேட்டு வேலையைப் பார்க்கலாம். எங்கள் மேசைகளின் சத்தத்தைக் குறைக்க அடியில் பழைய செய்தித்தாள் விரித்தோம், அதையும் மறக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஜோங் தாள் என்கிற பெரிய தாளில் ‘வீட்டிலிருந்து பள்ளி வரை’ வரைபடம் வரைந்தோம். எந்தத் திருப்பத்தில் எந்த நாய் துரத்தும், எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள் என்பதுவரை வந்தது. ஒரு பெண் தன் தாத்தா ஓட்டிய கார் ஏற்றும் ஃபெர்ரியையும் வரைந்திருந்தாள். அந்தப் பழைய ஃபெர்ரிகள் கார் ஏற்றுவது 2020 கடைசியோடு நின்றுபோயிற்று, தாத்தா சொல்லச் சொல்ல வரைந்தது. நேரம் இருந்தால் வீட்டுப் பெரியவரிடம் மூன்று கேள்வி கேட்டு வா என்று அனுப்புங்கள், வரைபடத்தோடு அழகாகச் சேரும். ஜனவரியில் திறந்து படிக்கத் தனக்குத் தானே கடிதம் எழுதும் வேலை பாதிப் பேருக்குத்தான் பிடித்தது, பையன்கள் ‘ஹாய், நல்லா இருக்கியா, பை’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து வகுப்பைக் கழுவும் கோத்தோங் ரோயோங்கைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நான் வைத்தேன். வந்த ஏழு பேரும் நானும் 31 மேசையைத் துடைத்தோம்.

அந்தப் பெண் பிள்ளையின் வீட்டுக்கு இதற்கிடையில் ஒரு மாலை அக்காவோடு போனேன். தாயார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்தச் சான்றிதழ் தப்பு, நான் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று அவளிடமே சொன்னேன். “பரவால்ல டீச்சர்” என்றாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். சரியாகிவிட்டதா இல்லையா என்று அவள் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில் அக்கா எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடைசிக்கு முந்தின நாள் எட்டே காலுக்கு வந்தாள், வழக்கம் போலக் கடைசியாக. யாரும் எதுவும் சொல்லவில்லை; பாதிப் பேர் தலை நிமிரவேயில்லை, ஆட்டத்தில் இருந்தார்கள். என் எதிரே ஒரு பலகை காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். நான் என்ன ஆடுகிறேன் என்று பார்க்காமல் தன் குழிகளில் மட்டும் பசு சேர்கிறதா என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆட்டமும் அவளே ஜெயித்தாள். பள்ளி விடும் நேரத்தில், “டீச்சர், இந்தத் தட்ட எடுத்துட்டுப் போலாமா? தம்பிங்களுக்கு” என்றாள். கொட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன்.

முட்டைத் தட்டு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அந்த இரண்டு வாரத்தில் அட்டைக்காகவே நான் மூன்று தட்டு முட்டை வாங்கினேன், 90 முட்டை. அறையில் நான் ஒருத்தி. அவித்தது, சம்பல், ஆம்லெட் என்று தின்று தீர்த்து, முட்டை வாசனையே பிடிக்காமல் போயிற்று. எங்கள் பள்ளிக்கு எதிரே ரொட்டி சானாய் கடையில் காலி அட்டைகளை மேசை உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள் என்பது டிசம்பர் கடைசியில்தான் தெரிந்தது. உடைந்த முட்டை வழிந்த அட்டைகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.